கியூரேட்டர் பகுதிக்குத் தலைமை எண்டா நாள் முழுக்க என்ன வேலை?

கல்லடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துல கட்புலக் கலை படிச்சி முடிச்சவவாம். சமகாலக் கலை நூதனசாலை ஒண்டுல கியூரேட்டர் பகுதிக்கு, அதாவது கண்காட்சிக்கு எத எப்படி வைக்கிற எண்டு பாக்கிற பகுதிக்கு, தலைமையா இருக்கிற ஆள் நாள் முழுக்க என்ன செய்யிற, நல்ல படங்களத் தெரிவு செஞ்சி சுவர்ல மாட்டுறதுதானா, மட்டக்களப்புல படிச்ச ஒராளுக்கு அந்தக் கதிரைக்குப் போக வழி இருக்கா, மறுகா எங்கட பேட்ச் பிள்ளைகள்ற படங்கள் நாப்பது அம்பது ஒரு ரூமுக்குள்ள அடுக்கிக் கிடக்கு அத என்ன செய்யிற எண்டும் கேட்டிருக்கா. நான் ஆரையம்பதிப் பக்கம், வெளிநாட்டுல இப்படியான ஒரு நூதனசாலையில உதவி கியூரேட்டராப் போய் கடைசி ஏழு வருஷம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பா இருந்தனான், அதால தெரிஞ்சதச் சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

தெரிவு செய்யிறது வேலையில ஒரு சின்னத் துண்டுதான் தங்கச்சி. மிச்சம் முழுக்க வாக்குக் காப்பாத்துற வேலை. ஒரு கலைஞர்ட்ட உங்கட கலை வேலைய இன்ன மாதிரி வைப்பம், இன்ன திகதிக்குத் திருப்பித் தருவம் எண்டு சொல்லுறம். பொருள இரவல் தந்த வீட்டுக்காரர்ட்ட ஒரு கீறலும் விழாது எண்டு கையெழுத்து வைக்கிறம். படத்துல முகம் இருக்கிற ஆக்களுக்கு, அவங்க செத்துப் போயிருந்தாலும், ஒரு கடமை இருக்கு. பார்க்க வாற சனத்துக்கு விளங்கிற பாஷையில எழுதுவம் எண்டது இன்னொண்டு. இந்த வாக்கெல்லாம் ஒராள்ற தலையில வந்து நிக்குது, அந்த ஆள்தான் பகுதித் தலைவர்.

எங்கட பக்கத்துல இதுக்குக் கிட்டவா இருக்கிற ஆள் ஆரெண்டு கேட்டா நான் கூத்துப் பழக்கிற அண்ணாவியாரத்தான் சொல்லுவன், பேச்சுக்குச் சொல்லல்ல, நான் சின்னனில எங்கட ஊர்ல வடமோடிக் கூத்து ஒண்டு பழக்கினதக் கிட்ட இருந்து பாத்தனான். எந்தக் கூத்துப் போடுற எண்டு ஊர்ப் பெரியாக்களோட இருந்து பேசணும், சட்டங் கொடுக்கிற நாளில ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பிரிக்கணும், அதுல ரெண்டு குடும்பம் கோவிக்கும், அதையும் அவர்தான் போய்ச் சமாளிக்கணும். மாசக்கணக்கா ராவு ராவா ஆட்டம் பழக்கி, சதங்கை அணி விழா நடத்தி, அடுக்குப் பாத்து, அதாவது முழுக் கூத்தையும் ஒருக்கா ஆடிப் பாத்து, பிறகுதான் களரி எண்ட ஆடுற மேடைக்கு ஏறுற. அரங்கேத்தத்து அண்டைக்கு சனம் பாக்கிறது அருச்சுனனத்தான், அண்ணாவியார் மத்தளத்தோட பின்னுக்கு நிப்பார். ஒரு தாளம் பிசகினா கேள்வி வாறது அவர்ட்டத்தான். நூதனசாலையில ஒரு கண்காட்சிக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னமே திட்டம் தொடங்குற, கலைஞர்ற ஸ்டூடியோவுக்குப் போய் பாக்கிற, இடத்துக்கு மாதிரி செஞ்சி பாக்கிற, காசு கணக்குப் பாக்கிற, பொருள் இரவல் வாங்குற ஒப்பந்தம், இன்சூரன்ஸ், பெட்டி அடிக்கிற, கஸ்டம்ஸ்ல தற்காலிக இறக்குமதிப் பேப்பர், வந்து இறங்கினதும் ஒவ்வொரு பொருளையும் டோர்ச் அடிச்சிப் பாத்து நிலை அறிக்கை எழுதுற. திறப்பு விழா ஒரு பின்னேரம்தான்.

ஒரு சம்பவம் சொல்லுறன், இது இந்த வேலைய எனக்கு விளங்க வெச்ச சம்பவம். நாலைஞ்சு வருஷத்துக்கு முன்னம் லீவுல ஊருக்கு வந்த நேரம் மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு மண்டபத்துல சின்னக் கண்காட்சி ஒண்டுக்குப் பொறுப்பா நிண்டன். ஒரு இளம் கலைஞர், அம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம், ஆறு மூடை நெல்ல நிலத்துல கொட்டி, அவங்கட காணியில வரம்பு ஓடினத அப்படியே விரலால இழுத்து ஒரு வேலை செஞ்சிருந்தார். மண்டபத்துக்குள்ள போனதும் நெல்லு வாசம் நெஞ்சில வந்து அடிக்கும், என்ட அம்மா வந்து பாத்துப்போட்டு "இது என்னகா, எங்கட வயலக் கொண்டந்து இஞ்ச கிடத்திப் போட்டாங்க" எண்டு கேட்டுக் கண் கலங்கினா. பக்கத்து அறையில மருதமுனையில ஒரு குடும்பத்திட்ட இரவல் வாங்கின கைத்தறிச் சேலைகள் எட்டு, அதுல ரெண்டு அந்த வீட்டுப் பெரியம்மா நெசவு பழகின காலத்துல முதல் முதல் நெய்தது. நாலாம் நாள் காலையில ஒரு சேலை மடிப்புல சின்ன அந்துப் பூச்சி ஒண்டு இருந்திச்சி, மறுகா நெல்லுக் குவியலக் கிளறிப் பாத்தா கீழ முழுக்க வண்டும் அந்தும். இந்த நெல்லு எங்க வெச்சிருந்தது, எத்தின மாசம், காய வெச்சதா எண்டு ஒரு கேள்வி நான் கேக்கல்ல. இட அமைப்புத் திட்டத்துல கையெழுத்து என்டது.

நெல்லு அந்து துணியத் தின்னாது எண்டு எனக்குத் தெரியும், துணிய அரிக்கிறது வேற சாதி. ஆனா ஒரு பூச்சி வாழுற இடத்துக்கு மத்தப் பூச்சியும் வரும், மறுகா இரவல் தந்த வீட்டுக்கு நான் குடுத்த வாக்குல இப்படி ஒரு விளக்கத்துக்கு இடமில்ல. மருந்து அடிக்க ஏலாது, அடிச்சா சேலையும் போகும், பாக்க வாற பிள்ளைகளுக்கும் கூடாது. நூதனசாலைகள்ல இதுக்குச் செய்யிற வழி குளிர்தான், கழிவு 20 பாகை செல்சியஸ்ல குறைஞ்சது ஒரு கிழமை. மீன் யாவாரம் செய்யிற ஒருத்தர்ட பெரிய பெட்டி ஃப்ரீசர் ரெண்ட வாடகைக்கு எடுத்து, கழுவித் துடைச்சி, நெல்ல சின்னச் சின்னப் பொதியாப் பொலித்தீன்ல காத்துப் போகாமக் கட்டி உள்ள வெச்சம், சேலைகள வேறயா, அமிலம் இல்லாத தாள் சுத்தி, வீட்டுக்காரர்ட்ட நேரில போய் நடந்ததச் சொல்லி அவங்க சம்மதம் எடுத்த பிறகு. அந்த ஃப்ரீசர் அவ்வளவு குளிர் பிடிக்குமா எண்டு சந்தேகம், அதால ரெண்டு கிழமை விட்டம். எடுத்த உடன கட்டவிழ்க்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே வெளிய கிடக்கணும், இல்லாட்டி ஈரம் பிடிச்சிரும். கண்காட்சி ரெண்டு கிழமைக்கு மேல மூடிக் கிடந்திச்சி. பெரியம்மாக்கு முன்னால இருந்து அந்தக் கதையச் சொன்ன அரை மணித்தியாலம் எனக்கு இப்பவும் மறக்கல்ல, அவ தேத்தண்ணி ஊத்தித் தந்துபோட்டு "வந்து சொன்னீங்களே மகன், அது போதும்" எண்டா.

ஆனா அந்த நெல்ல வேணாம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே எண்டு சில பேர் கேட்டாங்க. நான் அப்படி நினைக்கல்ல. சமகாலக் கலையில பொருளே கெட்டுப்போகும், உருகும், முளைக்கும், அதுக்குப் பயந்தா அந்த நூதனசாலைக்கு வேலையே இல்ல. டேமியன் ஹர்ஸ்ட் எண்ட இங்கிலாந்துக் கலைஞர் 1991ல ஒரு சுறாவ பழுதாகாம வைக்கிற ஃபோர்மலின் மருந்துத் தொட்டிக்குள்ள வெச்சார், அது கலங்கி அழுகி 2006ல புதுச் சுறா ஒண்டு வெச்சாங்க, அப்ப அது அதே வேலையா வேற வேலையா எண்டது பெரிய வாதம். இத்தாலிக் கலைஞர் மவுரிசியோ கத்தலான் 2019ல வாழைப்பழத்த டேப் போட்டு சுவர்ல ஒட்டினத எல்லாரும் கண்டிருப்பீங்க, அத வாங்கினவருக்குப் போறது ஒரு சான்றிதழும் எந்த உயரத்துல எப்படி ஒட்டுற எண்ட அறிவுறுத்தலும்தான், பழம் கடையில வாங்குறது. இது கன பேருக்கு ஏமாத்து மாதிரி இருக்கும். கூத்துப் பாத்து வளர்ந்த எங்களுக்கு அப்படி இருக்கத் தேவையில்ல. கூத்துக்குப் போடுற கரப்புடுப்பு கிழிஞ்சி போகும், கிரீடம் அடுத்த முறைக்குப் புதுசாச் செய்யிறம், ஆடினவர் கிழவனாப் போவார், ஆனா கொப்பியும் தாளக்கட்டும் பழக்கின ஆளும் இருக்கிற வரைக்கும் கூத்து இருக்கு. அப்ப நூதனசாலை காக்க வேண்டியது எத எண்டா அந்த வேலைய திரும்பச் செய்யிறதுக்குத் தேவையான அறிவ. கலைஞர் உயிரோட இருக்கிற நேரத்துலயே இருந்து கேக்கணும், நெல்லு எந்த இனம், பச்சையா அவிச்சதா, வரம்பு எவ்வளவு உயரம், உங்களுக்குப் பிறகு ஆர் இழுக்கலாம், எந்த அளவுக்கு மாறினா அது உங்கட வேலை இல்ல. கேட்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும். தலைவர் இத ஒரு வழக்கமாக்காட்டி ஒருத்தரும் செய்ய மாட்டாங்க, ஏனெண்டா திறப்பு விழாவுக்கு இது தேவைப்படாது, இருபது வருஷம் கழிச்சித்தான் தேவைப்படும்.

சேகரிப்புக்கு ஒரு வேலைய எடுக்கிறதும் அப்படித்தான். நாங்க விரும்பினோம் எண்டு வாங்க ஏலாது, சேகரிப்புக் குழுவுக்கு முன்னால வெச்சி ஏன் இது, எங்க இருந்து வந்தது, முன்னம் ஆர்ட்ட இருந்தது, வைக்க இடமிருக்கா, பராமரிக்கக் காசிருக்கா எண்டு நியாயம் சொல்லணும். வேலைய வாங்கினாப் பதிப்புரிமையும் வந்துரும் எண்டு கன பேர் நினைக்கிறாங்க, அது வராது. இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி அது ஆக்கினவர்ற வாழ்நாளும் அதுக்குப் பிறகு 70 வருஷமும், போஸ்டருக்குப் போட, புத்தகத்துக்குப் போட வேறயா அனுமதி வாங்கணும். மறுகா ஒண்டு, நூதனசாலைக்குத் தெரிவு செய்யிற ஆள் அதே கலைஞர்கள்ற படங்கள வீட்டுக்கு வாங்கி வெச்சி விலை ஏற விக்கக் கூடாது, இது உலகம் முழுக்க உள்ள நூதனசாலை ஒழுக்கக் கோவையில இருக்கிற விசயம். சின்ன ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், என்ட மச்சானும் கலைஞர்தான் எண்டா அந்த முடிவு எடுக்கிற கூட்டத்துல இருந்து எழும்பி வெளிய போகணும், அவ்வளவுதான்.

இப்ப எனக்கு ஆகப் பாரமா இருந்த பகுதிக்கு வாறன். எங்கட மாவட்டத்துல கலை செய்யிற பிள்ளைகள் பெரும்பாலும் இழப்பப் பத்தித்தான் செய்யிறாங்க, செய்யத்தான் செய்வாங்க. யுத்த காலத்துல காணாமப் போனவங்கட ஃபோட்டோவ எடுத்து அதுக்கு மேல தைக்கிற, கீறுற, அழிக்கிற வேலைகள் வரும். அந்த ஃபோட்டோவ வீட்டுல சாமித்தட்டுக்குப் பக்கத்துல வெச்சி முப்பது வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிற தாய் ஒருத்தி இருக்கா. கலைஞர் அனுமதி வாங்கினாரா எண்டு கேக்கிறது பத்தாது, பகுதித் தலைவர் தானே போய் அந்தத் தாயிட்ட, அம்மா இது இப்படித்தான் வைக்கப் போறம், இந்த அளவு பெரிசா, இன்னார் பாப்பாங்க, பேப்பர்லயும் வரலாம், உங்களுக்கு மனமில்லாட்டி நாளைக்கும் சொல்லலாம் எண்டு சொல்லணும். அவ வேணாம் எண்டா அந்த வேலை இல்லாமலே கண்காட்சி திறக்கணும். கலைஞர் கோவிப்பார், கோவிக்கட்டும்.

1990 எண்டாலே எங்கட பக்கத்துல தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் வேற வேற திகதிகள் ஞாபகம் வரும். ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள்ல முஸ்லிம் ஆக்களுக்கு நடந்த படுகொலை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான்ல தமிழ் ஆக்களுக்கு நடந்த படுகொலை. ஒரு ஊர்ற கதைய மட்டும் சொல்லுற கண்காட்சி அடுத்த ஊருக்கு என்ன சொல்லுது எண்டத யோசிக்காம இஞ்ச ஒராள் கியூரேட்டரா இருக்க ஏலாது எண்டது என்ட உறுதியான அபிப்பிராயம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவர்ல துவக்குச் சூட்டு ஓட்டைகள மூடாம அப்படியே விட்டிருக்காங்க. எத மூடுற எத மூடாம விடுற எண்டு அந்தச் சனம் தாங்களே எடுத்த முடிவு அது, நான் படிச்ச எந்தக் கியூரேட்டர் பாடத்தையும் விட எனக்கு அது கனக்கச் சொல்லித் தந்திச்சி.

தமிழ்ல எழுதுற விசயம். கொழும்புல 2019 டிசம்பர்ல நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை எண்டு ஒண்டு தொடங்கினாங்க, தொடங்கின நேரம் ஷர்மினி பெரேரா அதுக்குத் தலைமை கியூரேட்டர், முதல் கண்காட்சி 2018ல வங்காளதேசத்துல நடந்த டாக்கா ஆர்ட் சமிட் எண்ட கலை விழாவுக்கு அவ செஞ்சத வெச்சி வந்தது, அதுட தலைப்பே கவிஞர் சேரன்ற ஒரு கவிதையில இருந்து எடுத்தது. சுவர்ல சிங்களம் தமிழ் ஆங்கிலம் மூணும் இருக்கு. போய்ப் பாருங்க, கட்டாயம் பாருங்க, சாதாரண ஆக்கள் வந்து போற இடத்துல வெச்சிருக்கிறாங்க. நான் பொதுவாச் சொல்லுறது என்னெண்டா, கன இடங்கள்ல தமிழ் லேபிள் கடைசிக் கிழமையில மொழிபெயர்ப்புக்குப் போற சாமான், வாசிச்சா வாயில நுழையாது. எழுபது எண்பது சொல்லுக்குள்ள ஒரு வேலையப் பத்திச் சொல்லணும், அத முதல்ல தமிழ்ல எழுதிப் பாருங்க, வயல் தெரிஞ்ச ஆள் வாசிக்கப் போற லேபிள்ல போடி (வயல் சொந்தக்காரர்), முல்லைக்காரன் (அவருக்கு வயல் வேலை பாக்கிறவர்), வட்டை (வயல்வெளி) எண்டு எழுதலாம்தானே, ஆங்கிலத்துல எழுதி அங்க இருந்து கிறுகி வந்தா அந்தச் சொல்லெல்லாம் வழியில விழுந்துபோகும். நான் பொறுப்பா இருந்த காலத்துல சத்தம் போட்டு வாசிக்காம ஒரு லேபிளும் பிரிண்டுக்குப் போகல்ல.

ஆக்கள நடத்துறது பத்தி ஒழுப்பம். தலைவரானதும் உங்கட சொந்தக் கண்காட்சி குறையும், குறையணும். கீழ இருக்கிற உதவி கியூரேட்டருக்கு ஒரு முழு அறையக் குடுத்து, பிழை விட இடம் குடுத்து, பிழைச்சா பணிப்பாளருக்கு முன்னால நீங்க நிண்டு பதில் சொல்லணும். பொருள் வரவு போக்குப் பதியிற ரெஜிஸ்ட்ரார், பொருள் பழுதாகாமப் பாக்கிற பாதுகாப்பு நிபுணர், பெட்டி தூக்குற தம்பிமார், இவங்கள்ல ஒராள் இது சரிவராது எண்டா நிறுத்திக் கேக்கணும், அந்த நெல்லு விசயத்துலயும் மண்டபம் கூட்டுற அக்கா ரெண்டாம் நாளே பூச்சி பறக்குது எண்டு சொல்லியிருக்கா, என்ட காதுக்கு வந்து சேரல்ல. காசு விசயத்துல, கலைஞருக்குக் குடுக்கிற கூலிய முதல்ல எழுதிப்போட்டு மிச்சத்துக்குத்தான் பிரேம், லைட் எல்லாம், கடைசியில மிஞ்சினாத் தருவம் எண்டது கூடாத பழக்கம்.

இஞ்ச இருந்து போக வழி இருக்கா எண்டா, இருக்கு. சமகாலக் கலை நூதனசாலை எண்ட பேரோட ஒரு கட்டடம் இஞ்ச இல்ல, உண்மைதான், ஆனா இந்தத் தொழில் கட்டடத்துல தொடங்கின தொழில் இல்ல. ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணத்துல இருந்துகொண்டு இடம்பெயர்ந்த ஆக்கள் விட்டுட்டு வந்த வீடுகள நினைவுல இருந்து கீறின தரைப்படங்கள வெச்சி 2011ல ஒரு வேலைய புத்தகமாவே கொண்டு வந்தார், மண்டபம் தேவைப்படல்ல. வெளிநாட்டு மாஸ்டர்ஸ் இருந்தா நல்லம், ஸ்கொலர்ஷிப்புக்குப் போடுங்க, ஆனா நேர்முகத்துல நான் ஆக்களத் தெரிவு செஞ்ச காலத்துல பட்டத்த விட நான் பாத்தது ரெண்டு விசயம். ஒண்டு, இந்த ஆள் ஒரு வேலையப் பாத்துட்டு முந்நூறு சொல் தெளிவா எழுதுமா. மற்றது, ஆர்ட்டயாச்சும் ஒரு பொருள இரவல் வாங்கி வாங்கின மாதிரியே திருப்பிக் குடுத்திருக்கா. இது ரெண்டும் மட்டக்களப்புல இருந்துகொண்டே பழகலாம். ஒரு வருஷத்துக்கு மாசம் ஒரு கலைஞர்ற வீட்டுக்குப் போங்க, வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும், பாத்தத எழுதி வையுங்க, கூத்து உடுப்புச் செய்யிறவர், பாய் இழைக்கிறவ, நெசவுக்காரர் வீட்டுக்கும்தான். அந்தப் பன்னிரண்டு கட்டுரையோட விண்ணப்பம் வந்தா எந்தத் தலைவரும் வாசிப்பார்.

கடைசியா அந்த ரூமுக்குள்ள கிடக்கிற படங்கள். இத நாளைக்கே தொடங்குங்க, ஏனெண்டா கச்சான் காத்துக் காலத்துல வெடிச்சி, மாரியில ஈரம் குடிச்சி எண்டு வருஷத்துக்கு ரெண்டு முறை அதுகள் அடி வாங்குது, பேப்பர்ல செஞ்சதெல்லாம் பூஞ்சணம் பிடிச்சிரும். முதல்ல நிலத்துல இருந்து தூக்குங்க, ரெண்டு பலகை போட்டு அஞ்சாறு அங்குலமாச்சும் உயரத்துல, வெளிச் சுவர்ல முட்டாம. படம் படத்தோட முகம் பாத்து நிக்கட்டும், இடையில சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி, பத்திரிகைப் பேப்பர் வைக்கவே வேணாம், அதுல உள்ள அமிலம் மஞ்சளாக்கிரும். பேப்பர் வேலைகளுக்கு வெளிச்சமும் எதிரி, காட்சிக்கு வைக்கிற நேரம் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கிற அலகு) எண்டதுதான் நூதனசாலைக் கணக்கு, உங்கட ரூம்ல ஜன்னலுக்குத் திரை போட்டாப் போதும். மறுகா ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம், வருஷம் முதல்ல, பிறகு வரிசை, 2025.1, 2025.2 எண்டு, படத்துல எழுதாம பின்பக்கச் சட்டத்துல மெல்லிய பென்சில்ல. ஒரு சீஆர் கொப்பியில அந்த இலக்கத்துக்கு நேர ஆர் கீறினது, என்ன பொருள்ல, நீள அகலம், எங்க காயம் இருக்கு, கீறினவர்ற ஃபோன் நம்பர், திருப்பிக் கேட்டாக் குடுக்கணுமா வெச்சிருக்கச் சொன்னாரா. கீறின ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்து இந்தக் கடைசிக் கேள்விய முதல்ல கேளுங்க.